நடுவரை யார் போடுவது?

போன மாதம் எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் புதிய பொறுப்பதிகாரி ஒருவர் வந்தார். கண்டல்முனை மீனவர் சங்க மண்டபத்தில் மக்கள் கண்காணிப்புக் குழுவின் மாதக் கூட்டம் நடந்தபோது, யாரும் கூப்பிடாமலே வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சனங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். தெருவிளக்குப் பற்றிய பேச்சு வந்ததும் கையை உயர்த்தி, பேச அனுமதி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினேன்.

பக்கத்தில் இருந்த நிரோஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவள் அவள்தான்.

"என்னக்கா சிரிக்கிறீங்க? அவர் நல்லாத்தானே கதைக்கிறார்."

"நல்லாத்தான் கதைக்கிறார் புள்ள. கை உயர்த்தினாரே, அதுக்குத்தான் சிரிச்சன்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு பொலிஸ் பெரியவர் சனங்களோடு இருந்து கை உயர்த்துவது அவளுக்கு வழக்கமான காரியம். வழக்கமாவதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதித் தரும்படி கேட்டாள். எழுதுகிறேன்.

நான் வெல்லாவெளிக்காரி. எங்கள் வயல் வட்டையில் விளைந்த நெல்லை வாங்க வந்த சிங்கள வியாபாரிகளோடு பேசிப் பேசியே எனக்குச் சிங்களம் வந்தது. தட்டச்சு பழகியது மட்டக்களப்பு ரவுணில். இந்த இரண்டும் தெரியும் என்பதற்காகத்தான் டெய்சி மிஸ் என்னைத் தன் சட்ட உதவி நிலையத்தில் சேர்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் என்று பதவியின் பெயர். கூட்டிப் பெருக்குவதிலிருந்து கொழும்புக்குக் கடிதம் அடிப்பது வரை எல்லாம் செய்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கினேன், மறுபடி கற்றுக்கொண்டேன்.

டெய்சி மிஸ் சட்டத்தரணி. மெதடிஸ்த கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் எப்போதும் குடை. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தணியும். அவர் மெல்லப் பேசத் தொடங்கினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். முறைப்பாட்டோடு வருகிறவர் கதிரையில் அமரும்வரை தான் அமரமாட்டார். தண்ணீர் கொடுக்கச் சொல்வார். பிறகு முழுக் கதையையும் ஒரு தரம் இடைமறிக்காமல் கேட்பார். அந்த நேரம் யாரும் பேனையைத் தொடக்கூடாது. இரண்டாம் தரம் கேட்கும்போதுதான் எழுத வேண்டும். அப்போது ஒவ்வொரு வசனத்துக்கும் கேள்வி வரும்: இதை நீங்கள் கண்டீர்களா, ஒருவர் சொல்லிக் கேட்டீர்களா, இல்லை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தீர்களா? கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம். நினைத்ததை அவர் எழுதவே விடமாட்டார். முடிந்ததும் உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் "ஓம், இதுதான்" என்றால் மட்டுமே கையெழுத்து.

முறைப்பாடு யார்மேலே வருகிறதோ அந்தப் பொலிஸ்காரரையும் அவர் "அந்த உத்தியோகத்தர்" என்றுதான் சொல்வார். நாங்கள் ஆத்திரத்தில் "அவன்" என்றால், குடையின் கைப்பிடியால் மேசையில் மெதுவாக ஒரு தட்டு.

இதெல்லாம் எதற்கு என்று எனக்கு முழுவதாக விளங்கியது தங்கராசா அண்ணன் வந்த பிறகுதான்.

அவர் கண்டல்முனையில் வாவித்தொழில் செய்கிறவர். வீச்சுவலைக்காரர். அயலவர் ஒருவரின் தோணி இயந்திரம் காணாமற்போக, யாரோ அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சார்ஜன் விசாரித்தார். விசாரணை பொல்லால் நடந்தது. பிறகு ஓர் அறையில் போட்டு வெளியே பூட்டினார்கள். மறுநாள் இயந்திரம் கிடைத்தது. சொந்தக்காரரின் மச்சான்தான், சொல்லாமல் கொள்ளாமல் அதை ஏறாவூருக்குக் கொண்டுபோய்த் திருத்தக் கொடுத்திருந்தார். இயந்திரம் முன்னையைவிட நன்றாக ஓடியது. தங்கராசா அண்ணனின் வலது தோள்தான் ஓடவில்லை. கையை உயர்த்தி வலை வீச முடியவில்லை.

மனைவி புஸ்பம் அக்காவோடு எங்கள் நிலையத்துக்கு வந்தார். முழுக் கதையையும் சொல்லி முடித்து, தலை குனிந்து இருந்தார். நான் இரண்டாம் தரம் கேட்டு எழுதி, டெய்சி மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். வாசித்தவர் ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"'மிருகத்தனமாக' எண்டு தங்கராசா சொன்னவரா?"

"இல்ல மிஸ். ஆனா அடிச்ச அடி அப்படித்தானே."

"அது உங்கட சொல். எடுத்துப்போடுங்க. அவர் என்ன சொன்னவர்?"

"'தோளில ரெண்டு தரம், முதுகில ஒரு தரம். மறுகா நான் எண்ணயில்ல' எண்டவர்."

"அதைவிட என்ன வேணும்?" என்றார் மிஸ்.

முறைப்பாட்டைக் கொழும்பில் உள்ள சுயாதீன ஆணைக்குழுவுக்கு அனுப்பினோம். சில வாரங்களில் பதில் வந்தது. விசாரணைக்கு வரும்படி அழைப்பு. இடம், அதே பொலிஸ் நிலையம். விசாரிப்பவர் அந்தச் சார்ஜனுடைய மேலதிகாரி. நான் வாசித்துச் சொன்னதும் புஸ்பம் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"அடிச்சவரே வாசல்ல நிண்டு, வாங்க இரிங்க எண்டு சொல்லுவாராகா? இவர் அந்தக் கேற்றுக்குள்ள இனிக் கால் வெக்கமாட்டாராம். சத்தியம் பண்ணிக் கிடக்கார்."

"வைக்கத் தேவையில்லை," என்றார் மிஸ், மிக மெல்லிய குரலில்.

அன்று தொடங்கியதுதான் எங்கள் வேலை. கோரிக்கை மூன்றுதான். விசாரணை வெளியிடத்தில் நடக்க வேண்டும். விசாரிப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். பேச்சு தமிழில் நடக்க வேண்டும், அல்லது மொழிபெயர்க்க வேண்டும். எங்கள் சட்ட உதவி நிலையம் மட்டும் கேட்டால் கொழும்பில் அது இன்னொரு கடிதம். ஊரே கேட்க வேண்டும் என்று மிஸ் சொன்னார். புஸ்பம் அக்கா மீன் விற்கிற பெண்களைத் திரட்டினார். மீனவர் சங்கம் வந்தது. கோயில் சபையும் தேவாலயப் பங்கு மக்களும் ஓட்டோக்காரர்களும் வந்தார்கள். தங்கராசா அண்ணனுக்காக என்று வந்தவர்கள், ஒவ்வொருவராகத் தங்கள் கதையையும் சொல்லத் தொடங்கினார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போய், விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைத்துவிட்டு வந்த கதைகள். பொலிஸ் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. களவு போனால் எங்கே போவது? பொலிஸ் பிழை விட்டால் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் பொலிஸ் இருக்கக்கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

கொழும்பு இறங்கி வந்தது. தங்கள் அதிகாரி ஒருவரையே அனுப்பி, விசாரணையைக் கண்டல்முனை வாசிகசாலையில் நடத்த ஒப்புக்கொண்டார்கள்.

இனிச் சாட்சி வேண்டும். அடி விழுந்த நேரம், ஏறாவூர் மீன் வியாபாரி றஹீம் நானா, தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு எழுதுவிக்க அந்தப் பொலிஸ் நிலையத்தில் இருந்தார் என்று அறிந்தோம். நான் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். மரியாதையாக வரவேற்று, இஞ்சித் தேநீர் தந்து, மாட்டேன் என்றார்.

"தங்கச்சி, நான் ஏவாரி. நாளைக்கு றோட்டுல என்ட லொறிய மறிச்சிட்டு நிண்டா, ஐஸ் கரைஞ்சி மீன் நாறிப் போகும். நீங்களா வந்து லொறிய எடுத்துத் தருவீங்க?"

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

"ஊட்ட வந்து எங்களுக்குச் சொல்லக்குள்ள மட்டும் வாய் நல்லா வேல செஞ்சிச்சே. சோறும் தின்னாம அந்தாளுட கதையத்தானே சொன்னீங்க. அதையே அங்கயும் போய்ச் சொல்லுங்க."

றஹீம் நானா என்னைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார். "தேத்தண்ணியக் குடிங்க தங்கச்சி," என்றார். "எத்தின மணிக்கு வரோணும்?"

விசாரணை நாளில் புஸ்பம் அக்கா வாசிகசாலைக்குப் பக்கத்து வீட்டுக் குசினியில் பெரிய சட்டியில் நண்டுக்கறி வைத்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து வருகிற ஐயாவுக்காம். முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, வாசம் வாசிகசாலை யன்னல் வரை வந்துவிட்டது. டெய்சி மிஸ்ஸின் குரல் தணிந்தது.

"புஸ்பம், அவருக்கு இது குடுக்க ஏலாது."

"ஏன் மிஸ்? அவ்வளவு தூரத்தில இருந்து வாறார்."

"நாங்க சாப்பாடு குடுத்தா, அவர் எங்கட பக்கம் சாப்பிட்டவர் எண்டு ஆகும். தண்ணிப் போத்தல் வைப்பம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிப் போத்தல்."

"தேத்தண்ணி?"

"தேத்தண்ணியும் இல்ல."

புஸ்பம் அக்கா சட்டியை மூடினார். மூடினாலும் வாசத்தை என்ன செய்வது? விசாரணை அதிகாரி நடுத்தர வயதுக்காரர், கடுமையான முகம். தங்கராசா அண்ணன் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர், ஒருமுறை தலையை உயர்த்தி யன்னல் பக்கம் பார்த்தார். கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தார். டெய்சி மிஸ் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தார்.

சார்ஜனும் வந்திருந்தார். தான் அந்த ஆளைத் தொடவே இல்லை, அவர் படியில் வழுக்கி விழுந்தார் என்றார். பிறகு றஹீம் நானாவின் முறை.

"எத்தனை அடி கண்டீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு அடிதான் கண்டன். தோளில. மறுகா கதவச் சாத்திட்டாங்க. சத்தம் கேட்டிச்சு. ஆனா அது என்ன சத்தமெண்டு எனக்குச் சொல்ல ஏலா, ஐயா. நான் காணயில்ல."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார். மூன்று அடி, பத்து அடி என்று கூட்டிச் சொல்ல எவ்வளவோ இடம் இருந்தும், கண்ட ஒன்றை மட்டும் சொன்ன மனிதர். அந்த ஒரு பதிலோடு அறையில் காற்றே மாறியதை நான் உணர்ந்தேன். சார்ஜன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியின் வாகனம் மூலை திரும்பியதும் நாங்கள் குசினிக்குப் பாய்ந்தோம். டெய்சி மிஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நண்டுக்கால் கடித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

முடிவு வர மாதங்கள் ஆயின. அந்த இடைக்காலத்தில் தங்கராசா அண்ணனும் புஸ்பம் அக்காவும் சேர்ந்தே தொழிலுக்குப் போனார்கள். அவர் இடக்கையால் கம்பு ஊன்றித் தோணியை மெல்லத் தள்ளுவார். தோணியின் தலைப்பில் நின்று அக்கா வலை வீசுவார். முதலில் வலை சுருண்டு கட்டியாக விழ, கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அது வட்டமாக விரிந்தபோது அதே ஆட்கள் சீட்டியடித்தார்கள். முடிவுக் கடிதத்தை நான் கரையிலேயே வைத்து வாசித்தேன். முறைப்பாட்டாளர் தாக்கப்பட்டது உண்மை, சார்ஜன்மேல் ஒழுக்காற்று நடவடிக்கை, இடமாற்றம். தங்கராசா அண்ணன் கடைசி இரண்டையும் விட்டுவிட்டார்.

"அந்த முதல் வசனத்த இன்னொருக்கா வாசிங்க, புள்ள."

வாசித்தேன். அவர் திரும்பி நின்று வாவியில் முகம் கழுவினார். புஸ்பம் அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார். கன்னமெல்லாம் மீன் செதில்.

ஒரு வழக்கில் வென்றது போதாது என்றார் டெய்சி மிஸ். ஒவ்வொரு தடவையும் ஊரைத் திரட்ட முடியுமா? நிரந்தரமாக ஒரு குழு வேண்டும். மாதம் ஒருமுறை வெளியே கூடி, முறைப்பாடு கேட்டு, உரிய இடத்துக்கு அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் கேட்கிற குழு. தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் சனங்களுக்குப் போக ஓர் இடம் இருக்கும். பிரதேச செயலாளர் இணங்கினார். அப்போதைய பொறுப்பதிகாரியும் உற்சாகமாக இணங்கினார். அந்த உற்சாகத்தில்தான் சிக்கல் இருந்தது. அவர் பொல்லாதவர் இல்லை. கிரிக்கெட் பைத்தியம், ஓரளவு தமிழும் பேசுவார். எங்களைத் தன் அறைக்கு அழைத்துத் தேநீர் தந்தார்.

"நல்ல வேலை, மேடம். குழுவுக்கு ஆட்களை நானே போடுறன். தலைவரும் நானே இருக்கிறன். உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

டெய்சி மிஸ் சுவரில் இருந்த அவருடைய படத்தைப் பார்த்தார். பொலிஸ் அணியில் பந்து வீசுகிற படம்.

"நீங்கதானா, ஐயா?"

"ஓம், ஓம். வேகப்பந்து."

"உங்கட பந்து காலில பட்டா, அவுட்டா இல்லையா எண்டு யார் சொல்லுறது?"

"அம்பயர்."

"அம்பயரை நீங்களா போடுறது?"

அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, பெரிதாகச் சிரித்தார். "மேடம், அம்பயர் பிழை விட்டா?"

"அதுக்கு மேல இன்னொருத்தர் பார்ப்பார். ஆனா அவரும் உங்கட அணியில ஆள் இல்ல."

அதன் பிறகும் பல கூட்டங்கள், பல கடிதங்கள். தலைமைக் கதிரை தனக்கு வேண்டும் என்று இரண்டு தடவை மறுபடி கேட்டுப் பார்த்தார். கடைசியில், உறுப்பினர்களை ஊர்ச் சங்கங்களே தெரிவு செய்வது, பொலிஸ் அழைக்கும்போது வந்து பதில் சொல்வது என்று முடிவாயிற்று. மீனவர் சங்கம் தங்கராசா அண்ணனைத் தெரிவு செய்தது. ஏறாவூர் வியாபாரிகள் றஹீம் நானாவை அனுப்பினார்கள். யாரும் கேட்காமலே, மனைவி சொல்லித்தான் வந்தேன் என்றார்.

முதல் கூட்டத்துக்கு மேசை போட்டு, விரிப்பு விரித்து, புதுப் பேனைகளோடு காத்திருந்தோம். சனம் நிறைய வந்தது. பார்க்க வந்ததே தவிர, முறைப்பாடு சொல்ல ஒருவரும் எழவில்லை. முதல் ஆளாக இருக்க எல்லாருக்கும் பயம். மண்டபமே இருமிக்கொண்டிருந்தது. அப்போது பின்வரிசையில் இருந்து சாதாரணச் சட்டையும் பாவாடையும் போட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள். முகத்தைக் கண்டதும் சனம் சலசலத்தது. பொலிஸ் நிலையத்துக் கொன்ஸ்டபிள் சந்தமாலி. அமிர்தகழித் திருவிழாவில் கூட்டம் ஒதுக்கிக்கொண்டு நின்றவள்; ஊருக்கே தெரியும்.

என் முன்னால் நின்று சிங்களத்தில் கேட்டாள், "பொலிஸ்காரரும் இங்கே முறைப்பாடு சொல்லலாமா?"

நான் அதைத் தமிழில் சொன்னதும் பின்னால் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். குழுவில் ஒருவர், "இது சனத்துக்கெண்டு வெச்ச குழு. அவ பொலிஸ்தானே?" என்றார். நான் டெய்சி மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் சனங்களோடு இருந்தார். குழுவேதான் முடிவு செய்ய வேண்டும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

தங்கராசா அண்ணன் எழுந்தார்.

"எனக்கு அடிச்சது இவ இல்ல," என்றார். "போய்ச் சொல்லுறதுக்கு ஒரு ஆள் இல்லாட்டி எப்படி இரிக்குமெண்டு எனக்குத் தெரியும். கதிரையப் போடுங்க. தங்கச்சி இருக்கட்டும். தண்ணி குடுங்க."

சந்தமாலியின் முறைப்பாடு சிறியது என்று ஆண்கள் நினைத்தார்கள், பெண்கள் நினைக்கவில்லை. நிலையத்தில் பெண் கொன்ஸ்டபிள்களுக்குத் தனி மலசலகூடம் இல்லை. ஆண்களுடையதற்குப் பூட்டும் இல்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்காமலே கடமைக்குப் போய் நோய் வந்தவர்களும் உண்டு. தனியாக ஒன்று கேட்டதற்குத் தண்டனையாக, நாள் முழுக்க வெயிலில் நிற்கிற கடமையாகப் போட்டார்கள். நான் எழுதி, உரத்து வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு சொல்லைத் திருத்தினாள். பிறகு, இதுதான் என்று தலையசைத்தாள். மண்டபத்தில் இருந்த மீன் விற்கிற பெண்கள் அத்தனை பேரும் அவளுக்காகக் கையெழுத்து வைக்க எழுந்துவிட்டார்கள். அதன் பிறகு கூட்டம் முடியும்வரை ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்தது.

அந்த முறைப்பாட்டை விடாமல் துரத்தினோம். கொழும்பிலிருந்து கேள்வி வந்தது, பொறுப்பதிகாரி வெட்கப்பட்டார், கட்டட வேலை தொடங்கியது. வேலை முடிந்த நாளில் குழுவினர் எல்லாரையும் வந்து பார்க்கும்படி அவரே அழைத்தார். பொலிஸ் நிலைய வாசலில் தங்கராசா அண்ணன் நின்றுவிட்டார். நாங்கள் உள்ளே போக, அவர் மட்டும் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் வற்புறுத்தவில்லை. அப்போது சீருடையில் சந்தமாலி ஓடி வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டாள்.

"தங்கராசா அண்ணே, வாங்க. நீங்க பாக்காம நாங்க திறக்கிறது இல்ல."

அவர் புஸ்பம் அக்காவைப் பார்த்தார். "என்ன பாக்கிறீங்க, நானும் வாறன்," என்றார் அக்கா. இருவரும் உள்ளே வந்தார்கள்.

கோயில் சபைத் தலைவர், பள்ளிவாசல் ஆள், பங்கு மக்கள், மீனவர், வியாபாரி, பொலிஸ் என்று நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று ஒரு மலசலகூடத்தைப் பார்த்தோம். நீல மாபிள் பதித்த தரை, புது வாளி. பொறுப்பதிகாரி பெருமையோடு குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவர் காற்சட்டையை நனைத்தது. கைதட்டலும் சிரிப்பும் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

தங்கராசா அண்ணன் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் நின்று கொண்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ளுக்கால பூட்டுது," என்றார் சந்தமாலியிடம். "நல்லாப் பூட்டுது."